ஆமாம் கட்சியும் ஆமாம் ஆமாம் கட்சியும்

செல்லபாய் டீச்சர் ஒரு புதன்கிழமை பல்வலி என்று லீவு போட்டாள். அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளின் கூட்டம் நடந்தது. கல்வி இலாகாவிலிருந்து வந்த சர்க்குலர் ஒன்றைத் தலைமையாசிரியை ரோஸ் அம்மாள் வாசித்துவிட்டு, இந்தப் பொறுப்பை ஏற்க யார் முன்வருகிறார்கள் என்று கேட்டாள். எல்லாரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். அன்று வராதவள் ஒருத்திதான். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்த செல்லபாயிடம், அவள் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டதாக ரோஸ் அம்மாள் தெரிவித்தாள். எதற்கு என்று செல்லபாய் கேட்டாள். வாய் சரியாகத் திறக்காததால் அந்தக் கேள்வி ஏதோ நன்றி சொல்வது போல ஒலித்தது. ரோஸ் அம்மாளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தெற்கே அந்தக் காலத்தில் இருந்த பெண்கள் ஹைஸ்கூல் அது. ஸ்ரீவராகத்துத் தெருக்களிலிருந்தும் கடைவீதித் தமிழர் வீடுகளிலிருந்தும் பெண்கள் படிக்க வந்ததால் தமிழ் டிவிஷன் என்று தனியாக ஒன்று இருந்தது. அதில் செல்லபாய் பூகோளம் சொல்லிக் கொடுத்தாள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் பூதலிங்கத்துக்குப் பழவங்காடியில் ஜவுளிக்கடை. யாருக்கும் எதற்கும் 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாதவள் என்று செல்லபாய்க்கு ஒரு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டால் திரையை இழுப்பவள் அவள்தான். மழை பெய்தால் மற்ற டீச்சர்களுக்குக் குடை கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போகிறவளும் அவள்தான்.

சர்க்குலர் பிறந்த கதை இது. ஆண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில், நகர வாழ்வு சிறந்ததா கிராம வாழ்வு சிறந்ததா என்று ஒரு விவாதம் வைத்தார்கள். கிராமக் கட்சிக்காரன் ஒருவன் நகரக் கட்சியைக் குறிவைத்து மைக்கூட்டை எறிந்தான். அது குறி தவறி, தலைமை வகிக்க வந்திருந்த இலாகா அதிகாரியின் வெள்ளைக் கோட்டில் போய் விழுந்தது. வண்ணானால் அந்தக் கறையைப் போக்க முடியவில்லை. உடனே இலாகா 'நாகரிக விவாத அபிவிருத்திக் கமிட்டி' ஒன்றை நியமித்தது. பள்ளிக்கூடங்களில் விவாதங்கள் ஏன் சண்டையில் முடிகின்றன என்று கமிட்டி பல மாதங்கள் கூடி ஆராய்ந்தது. கடைசியில், ஒவ்வொரு விவாதத்திலும் இரண்டு கட்சிகள் இருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, நாகரிக விவாதத்துக்கு ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சர்க்குலர் அனுப்பியது.

கமிட்டியின் தலைவர் இன்ஸ்பெக்டர் ஸ்ரீகண்டன் நாயர். செக்ரட்டரி ராமசுப்ரமணியன். இருவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஆனால் இருவரும் மிகவும் நாகரிகமானவர்கள். ஆகவே நேரில் பேசுவதை நிறுத்திவிட்டு, ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு சேவகன் மூலமாகவே பேசிக்கொள்வார்கள்.

செல்லபாயும் மற்றப் பள்ளிக்கூடங்களின் பொறுப்பாளர்களும் பயிற்சிக்கு அழைக்கப்பட்டார்கள். முதல் நாள் முழுவதும் தலையசைப்பு. நம்மவர்கள் 'ஆமாம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார்கள், அதைப் பார்க்கிற வெள்ளைக்காரர் யாராவது 'இல்லை' என்று நினைத்துக்கொண்டால் சமஸ்தானத்தில் கருத்து வேற்றுமை இருப்பதாக லண்டன் வரைக்கும் செய்தி போய்விடும் என்று செக்ரட்டரி விளக்கினார். ஆகவே இனிமேல் மேலும் கீழுமாகத்தான் ஆட்ட வேண்டும். செல்லபாய் சாயங்காலம் வரை மேலும் கீழும் ஆட்டினாள். கழுத்து பிடித்துக்கொண்டது.

இரண்டாம் நாள் விதிகளைச் சொன்னார்கள். பேச எழுந்திருக்கிறவர்கள் முதலில் எதிர்த் தரப்பைப் புகழ வேண்டும். பிறகு அந்தத் தரப்பு சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு தன் தரப்பைச் சொல்லலாம். ஆனால் அது எதிர்த் தரப்பு சொன்னதாகவே இருக்க வேண்டும். 'இல்லை', 'தவறு', 'ஆனால்' முதலிய கடுஞ்சொற்கள் கூடாது. இந்த விதிகள் தம் மூளையில் உதித்தவை என்று செக்ரட்டரி சொன்னார். அவர் உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்து, செக்ரட்டரியை வெகுவாகப் புகழ்ந்துவிட்டு, விதிகள் தம் மூளையில் உதித்தவை என்றார். பிறகு தம் சொந்த அநுபவத்தைச் சொன்னார்.

"என்னோட வீட்டிலே இந்த முறையை ஞான் பல வருஷமாயிட்டு நடத்தி வர்றேன் கேட்டோ. என் பாரியாள் இதுவரை ஒரு விஷயத்திலும் என்னை மறுத்துப் பேசினதில்லை. இப்போ கொஞ்ச காலமாயிட்டு பேசறதே இல்லை. அவ்வளவு நாகரிகம்."

எல்லாரும் கை தட்டினார்கள். செல்லபாயும் தட்டினாள். அந்த அம்மாளின் நிலைமை அவள் மனசை என்னவோ செய்தது.

விவாதத்துக்கான விஷயங்களையும் இலாகாவே அனுப்பியது. முதல் வாரம் 'மழை நல்லது' என்பது. ஒரு கட்சி மழை நல்லது என்று பேச வேண்டும். மற்றக் கட்சி மழை மிகவும் நல்லது என்று பேச வேண்டும். பெண்கள் இந்த இரண்டுக்கும் ஆமாம் கட்சி, ஆமாம் ஆமாம் கட்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் 'மூத்தோர் சொல் கேட்பது நன்று'. அதற்கும் அடுத்த வாரம், எழுதிய குமாஸ்தா அவசரத்தில் விட்டுவிட்டானோ என்னவோ, 'நன்று' என்று மட்டும் வந்தது. அதையும் விவாதித்தார்கள். அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடச் சுமுகமாக நடந்தது.

நாளாவட்டத்தில் இந்தப் பழக்கம் விவாத சபையிலிருந்து வகுப்புகளுக்குள்ளும் வந்துவிட்டது. பூகோள வகுப்பில் செல்லபாய் கல்லாறு எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டாள். கடலில் உற்பத்தியாகிப் பொன்முடி மலைமேல் ஏறுகிறது என்று ஒரு பெண் பதில் சொன்னாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்த செல்லபாய், வராந்தாவில் ரோஸ் அம்மாள் நடந்து போவதைப் பார்த்துவிட்டு, மலைமேல் ஏறுகிறது என்பதும் ஒரு நோக்கு என்று சொன்னாள். அடுத்த பெண் எழுந்து, தோழியின் கருத்தை வணங்கி ஏற்பதாகவும், ஏறின ஆறு இளைப்பாறிவிட்டுத் திரும்ப இறங்கவும் செய்யலாம் என்றும் சொன்னாள். வகுப்பு முழுவதும் தலையை மேலும் கீழும் ஆட்டியது. அன்றைய தினம் கல்லாறு மலைமேல் ஏறியபடியே விடப்பட்டது.

பிறகு ஒரு நாள் மத்தியானம் சமையல் கொட்டகையின் கூரையில் தீப்பிடித்தது. அதைப் பார்த்த பெண் ஓடி வந்து ரோஸ் அம்மாளின் அறைவாசலில் நின்றாள். தலைமையாசிரியை அவர்களின் எல்லாக் கருத்துகளோடும் தனக்கு உடன்பாடு என்றாள். பள்ளிக்கூடம் மிகச் சிறப்பாக நடக்கிறது என்றாள். கொட்டகையின் கூரை இதுவரை நன்றாக இருந்தது என்றும், இப்போது சற்று வெளிச்சமாக இருக்கிறது என்றும் சொன்னாள். ரோஸ் அம்மாள் அவளுடைய பேச்சு நயத்தைப் பாராட்டி, வெளிச்சம் எப்போதும் நல்லது என்றாள். நல்ல வேளையாக, விதிகளைப் பற்றி எதுவும் கேள்விப்படாத தோட்டக்காரன் தீ தீ என்று கத்திக்கொண்டு ஒரு குடம் தண்ணீரோடு ஓடினான். பாதிக் கூரை தப்பியது. அநாகரிகமாகக் கூச்சலிட்டதற்காக அவனிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

அன்று சாயங்காலம் செல்லபாய் கடைக்குப் போய்ப் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பூதலிங்கம் ஒரு புடவையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"இங்க வாறவ எல்லாரும் 'இது வேண்டாம், அதை எடும்'னுதான் சொல்லுகா. நான் பாவு சரியில்லைன்னு நெசவுக்காரன்கிட்ட சொல்லுகேன். அவன் இல்லைங்கான். ஆரும் ஆரையும் அடிக்கல்லியே. நீ மட்டும் ஏன் எல்லாத்துக்கும் ஆமாம் போட்டுட்டு வாறா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

செல்லபாய் பழக்க தோஷத்தால் தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

வருஷ முடிவில் கமிட்டியே நேரில் வந்து பார்க்கும் பெரிய விவாதம் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் என்று உத்தரவு வந்தது. ரோஸ் அம்மாளுக்கு ஒரே பரபரப்பு. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மைக்கூடுகளையெல்லாம் அறையில் வைத்துப் பூட்டினார்கள். விஷயம் 'பள்ளிக்கூடங்களில் நாகரிக விவாதம் வேண்டும்'. வேண்டும் என்று சூடாமணி பேசுவாள். மிகவும் வேண்டும் என்று அம்மிணி பேசுவாள்.

அம்மிணி கடைசி வகுப்பில் படித்தாள். அப்பாவுக்கு மடப்பள்ளியில் வேலை. அவளைவிட வயதில் மிகவும் பெரியவரான ஆலப்புழைக்காரர் ஒருவர் பெண் கேட்டு வந்து, நல்ல இடம் என்று வீட்டில் எல்லாரும் சம்மதித்தபோது, பரீட்சை எழுதிவிட்டு ஒரு வேலைக்கும் போகிறேன், அதற்குப் பிறகு கேளுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அப்பாவும் மனசில்லாமல் ஒப்புக்கொண்டிருந்தார். பரீட்சை எழுத முடியாமல் போனால் அந்தத் தவணையும் போய்விடும். இதெல்லாம் செல்லபாய்க்குத் தெரியும்.

விவாதத்தன்று இன்ஸ்பெக்டரும் செக்ரட்டரியும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். செக்ரட்டரி தொடக்கவுரையில், நம் சமஸ்தானத்தில் எல்லாருக்கும் பேசுவதற்குப் பூரண சுதந்திரம் உண்டு, எதைப் பேசுவது என்பதை மட்டும் இலாகா முன்கூட்டியே தெரிவித்துவிடும், அதனால் குழந்தைகளுக்கு யோசிக்கும் சிரமம் மிச்சம் என்று பேசினார். சூடாமணி எழுந்து வேண்டும் என்று அழகாகப் பேசினாள். அடுத்தபடியாக அம்மிணி எழுந்தாள். செல்லபாய் எழுதிக் கொடுத்திருந்த பேச்சை அவள் கையில் எடுத்துக்கொள்ளவில்லை.

"சூடாமணி ரொம்ப நன்னாப் பேசினா. நேக்கு அவ மேலே பிரியம் ஜாஸ்தி. அவ சொன்னது மட்டும் நேக்குச் சம்மதமில்லே. இந்த விவாதம் வேண்டாம். ஆமாம்னு சொல்றதுக்கு ரெண்டு பேர் எதுக்கு? சண்டை போடாம மறுத்துப் பேசறது எப்படின்னு சொல்லித் தந்தேள்னா கத்துக்கறோம். மறுக்கவே கூடாதுன்னா அதுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். எங்காத்திலேயே சொல்லித் தந்துடுவா."

சொல்லிவிட்டு வணக்கம் போட்டு உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை; யார் மேலும் எதுவும் எறியப்படவில்லை. சூடாமணி முதலில் சிரித்தாள். உடனே கூடம் முழுவதும் சிரித்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தி தலையைப் பக்கவாட்டில் ஆட்டியதைச் செக்ரட்டரி பார்த்தார்.

கூட்டம் அத்துடன் கலைக்கப்பட்டது. ரோஸ் அம்மாள் மயக்கம் வரும்போல் இருக்கிறது என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தாள். அடுத்த வாரமே விசாரணைக்கு உத்தரவு வந்தது. விதிகளை இயற்றிய பெரியோரை அம்மிணி பகிரங்கமாக அவமதித்துவிட்டாள்; ஆகவே அவளுக்கு நன்னடத்தைச் சான்று தரக்கூடாது. சான்று இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அவள் அவமதித்தது உண்மை என்று பொறுப்பாளர் செல்லபாய் இலாகா ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ரோஸ் அம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சரே, ஒண்ணும் பயப்படண்டா. ஒரு ஒப்பு இட்டாப் போதும். ஸ்கூலுக்கு ஒரு தோஷமும் வராது" என்று சொன்னாள். அம்மிணிக்கு என்ன வரும் என்பதைப் பற்றி அவள் பேசவில்லை.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் அம்மிணி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று செல்லபாய் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. தன்னால் டீச்சரின் வேலைக்கு ஏதாவது இடைஞ்சல் வருமானால் மன்னிப்புக் கேட்டு எழுதித் தருவதாகச் சொன்னாள். ஆலப்புழைக்காரர் சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தாமே எடுத்துவிடுகிற நல்ல மனுஷர் என்று எல்லாரும் சொல்வதாகவும் சொன்னாள். சொல்லும்போது சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"மன்னிப்பு ஒண்ணும் எழுதாண்டாம் மக்களே. நீ போய்ப் படி" என்று செல்லபாய் சொன்னாள். சொன்ன பிறகுதான், தான் ஒருத்திக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பது அவளுக்கே தெரிந்தது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்கிடையில் இலாகாவில் ஒரு விஷயம் நடந்திருந்தது. அம்மிணியின் பேச்சை யாரோ டைரக்டரிடம் தேநீர் வேளையில் சொல்லியிருக்கிறார்கள். டைரக்டர் கப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். சிரித்துவிட்டு, இந்த விதிகளை எழுதின ஆசாமி யார் என்று கேட்டாராம். அது பாராட்டா வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணை நடந்த காலையில் இன்ஸ்பெக்டரும் செக்ரட்டரியும் அந்தக் கேள்வியைக் கேள்விப்பட்டுவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

செல்லபாய்க்கு இது எதுவும் தெரியாது. அவள் உள்ளே போனாள். நடுவே சேவகன் நின்றான். காகிதத்தை அவள் முன்னால் வைத்து, கையெழுத்துப் போடும்படி இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார். செல்லபாய் பேனாவை வாங்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒப்பு போட மாட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் காது கேட்காதவர் போலச் செக்ரட்டரியைப் பார்த்தார். செக்ரட்டரி சேவகனைப் பார்த்தார். சேவகன், டீச்சர் ஒப்பு போட மாட்டேன் என்று சொல்வதாக இரண்டு பக்கமும் திரும்பி அறிவித்தான். அதன் பிறகும் அவர்களுக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்த மேஜைக்கு முன்னால் நின்று அந்த வார்த்தையை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"ஏன்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்தக் குட்டி ஆரையும் அவமதிக்கல்ல சார். நான் பக்கத்துல இருந்து கேட்டேன். அவமதிச்சுட்டான்னு நான் எழுதணும்னா, ஆரை அவமதிச்சான்னும் எழுதணும்லா? விதியை எழுதினவரைன்னு இதுல இருக்கு. அது ஆராக்கும்?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"அது செக்ரட்டரியோட பணியாணு. எனக்கு அதிலே ஒரு பங்கும் இல்லை கேட்டோ."

செக்ரட்டரி முதலில் சேவகனிடம்தான் ஆரம்பித்தார். மதிப்பிற்குரிய இன்ஸ்பெக்டர் அவர்களின் அடக்கம் தமக்குத் தெரியும் என்றும், விதிகள் முழுவதும் அவருடைய மூளையிலேயே உதித்தவை என்றும், தாம் அவற்றை நகல் எடுக்க மட்டும் ஏற்பாடு செய்ததாகவும் சொன்னார். சேவகன் அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் நேராகவே பேச ஆரம்பித்துவிட்டார். பயிற்சியின் இரண்டாம் நாள் நூறு பேருக்கு முன்னால் உரிமை கொண்டாடியது யார் என்று கேட்டார்.

"ஓய், உம்ம ஆத்துக்காரியைப் பத்தியெல்லாம் சொல்லி மார்தட்டிண்டது நானா?" என்றார் செக்ரட்டரி.

அதன் பிறகு மதிப்பிற்குரிய என்ற சொல் அந்த அறையில் கேட்கவில்லை. 'இல்லை' என்றார்கள். 'பொய்' என்றார்கள். 'ஆனால்' என்று மட்டும் சொல்ல இருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. மேஜையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இருவரும் தலையைப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டினார்கள். சேவகன் அநுபவசாலி, மைக்கூட்டை எடுத்து ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டு ஓரமாக நின்றான். செல்லபாய், அவர்கள் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், ரொம்பப் பணிவாகப் பேசினாள்.

"நீங்களும் எழுதல்ல, அவாளும் எழுதல்லன்னா, எழுதினவங்கன்னு ஆருமில்ல. ஆருமில்லாதவங்களை அவ எப்படி சார் அவமதிச்சிருப்பா?"

இருவரும் யோசித்தார்கள். அதை மறுத்தால், எழுதியது தாம்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையை மேலும் கீழும் ஆட்டினார்கள். கமிட்டி ஏற்பட்ட நாளிலிருந்து அவர்கள் ஏகமனதாகச் செய்த முதல் தீர்மானம் அதுதான். விதிகள் தாமாகவே உண்டானவை என்றும், ஆகவே அவமதிப்பு நிகழவில்லை என்றும், பெண்ணுக்குச் சான்று தரலாம் என்றும் எழுதப்பட்டது.

செல்லபாய் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே காத்திருந்த பூதலிங்கம் ஒன்றும் கேட்காமல் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு இளநீர் வாங்கி வந்து கொடுத்தார். பாதி குடித்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வழிப்போக்கர்கள் பார்க்கும்படி சிரித்தாள்.

அம்மிணி பரீட்சை எழுதித் தேறினாள். கரமனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. ஆலப்புழைக்காரர் காத்திருந்து சலித்துப்போய் அம்பலப்புழையில் கல்யாணம் செய்துகொண்டார் என்று கேள்வி. அம்மிணியின் அப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். முதல் சம்பளத்தில் அவள் வாங்கிக் கொடுத்த வேஷ்டியை உடுத்திக்கொண்டபோது சரியாகிவிட்டார்.

இலாகா சும்மா இருக்கவில்லை. டைரக்டர் சிரித்தது எதற்காக என்று தீர விசாரித்ததில், அவருக்கு மறுப்பு பிடிக்கும் என்று தெரியவந்தது. அடுத்த கல்வி வருஷம் புது சர்க்குலர் வந்தது. இனிமேல் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் வெள்ளிக்கிழமைதோறும் கட்டாயமாக மறுத்துப் பேச வேண்டும். மறுக்காத மாணவிகளின் பெயர்களை மேலே அனுப்ப வேண்டும். எதை மறுப்பது என்பதை இலாகா முன்கூட்டியே தெரிவிக்கும். இந்தப் பணிக்கு சமஸ்தானம் முழுவதற்கும் மேற்பார்வையாளராக, மறுப்பதில் கீர்த்தி பெற்ற ஸ்ரீமதி செல்லபாய் நியமிக்கப்படுகிறாள்.

செல்லபாய் அன்று லீவு போடவில்லை. நேராக இலாகா ஆபீசுக்குப் போய், தன்னால் முடியாது, வேண்டாம், மாட்டேன் என்று வாயாலும் சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நாளில் பதில் வந்தது. புது உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய முதல் ஆசிரியை என்று இலாகா அவளைப் பாராட்டியிருந்தது. அவளுடைய மறுப்பு மாதிரி மறுப்பாக எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பப்படும் என்றும், இத்தனை தகுதி வாய்ந்தவர் வேறு யாரும் இல்லாததால் நியமனம் இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறது என்றும் கீழே எழுதியிருந்தது.